மீற்றர்ப் பெட்டிக்குப் பின்னால் இருந்த விதி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் வாய் என்னைக் களஞ்சிய அறைக்குள் கொண்டுபோய் விட்டது.

நான் மன்னார்த் தீவில் ஒரு பிரதேச சபைக் கந்தோரில் எழுதுவினைஞர். இப்போது அந்த வேலைக்கு முகாமைத்துவ உதவியாளர் என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் பெரிசு, கதிரை அதே கதிரை, ஒரு கால் ஆடும். ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் எங்கள் செயலாளர் மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கை ஒன்றை வாசித்தார். ஒவ்வொரு சபையும் தன்னுடைய உபவிதிகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒழுங்குபடுத்தி, பொதுமக்கள் பார்க்கக்கூடியதாக இணையத்தளத்தில் போடவேண்டும். நூலகத்திலும் ஒரு புத்தகமாக வைக்கவேண்டும்.

"சேர், இருக்கிற விதியையே ஒருத்தரும் மதிக்கேல்லை. இதில புத்தகம் வேற போட்டு ஆருக்கு வாசிச்சுக் காட்டப்போறம்? தெருவில நிக்கிற கழுதையளுக்கோ?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். செயலாளரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்த வேலைக்கு நேரே என் பெயரை எழுதினார். என்னைவிடப் பன்னிரண்டு வயது குறைந்தவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அக்கா, கழுதையளுக்கும் ஒரு விதி இருக்காம். நீங்களே தேடி எடுங்கோ" என்றார்.

உபவிதி என்றால் என்ன என்று கேட்டால் கந்தோரிலேயே பாதிப்பேர் முழிப்பார்கள். நாட்டின் சட்டம் பாராளுமன்றத்தில் ஆகிறது. உபவிதி என்பது, சபை தன் எல்லைக்குள் மட்டும் செல்லும்படி தானே தீர்மானம் போட்டு ஆக்குவது. மேலிடம் சம்மதித்து, அரசாங்க வர்த்தமானியில் அச்சான பிறகுதான் அதற்கு உயிர். ஆகவே ஒவ்வொரு விதிக்கும் ஒரு வர்த்தமானி இலக்கம் இருக்கவேண்டும். இலக்கம் இல்லாத எதையும் ஏற்கமாட்டோம் என்று சுற்றறிக்கையின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

களஞ்சிய அறையில் இரண்டு இரும்பு அலுமாரிகள், ஒரு சாக்கு நிறையப் பழைய சைக்கிள் வரித் தகடுகள், மூடியில்லாத ரைப்ரைற்றர், வௌவால் எச்சம். சண்டைக் காலத்தில் எங்கள் கந்தோர் மூன்று இடம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் கோவைகள் கொஞ்சம் குறைந்தன. மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொண்டது. முதல் மூன்று நாளும் தும்மினேன், செயலாளரைத் திட்டினேன், மறுபடியும் தும்மினேன்.

நாலாம் நாள் கழுதைகளின் விதி அகப்பட்டது. கூட்டத்தில் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் பக்கத்தைத் திருப்பினேன். தெருவில் அலையவிட்ட கழுதையைச் சபை பிடித்துக் கட்டலாம், உடையவர் வந்து தண்டம் கட்டி மீட்கலாம் என்று வழமையாகப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி. அவ்வாறு கட்டப்பட்ட விலங்குக்குக் காலையும் மாலையும் குடிநீர் வைத்தல் சபையின் கடமையாகும்.

எனக்கு மெய் சிலிர்த்தது. ஒரு கழுதைக்குத்தான், ஆனாலும் சிலிர்த்தது. யாரோ ஒருவர் ஒரு மேசையில் இருந்து, கட்டப்பட்ட கழுதைக்குத் தாகம் எடுக்குமே என்று நினைத்திருக்கிறார். நினைத்ததோடு நிற்காமல் அதைச் சட்டமாக்கி, ஒரு முழுச் சபையையும் அதற்குக் கடமைப்படுத்தியிருக்கிறார். மன்னாரில் தண்ணீரின் அருமை தெரிந்தவர்தான் அதை எழுதியிருக்கவேண்டும்.

அதன்பிறகு நான் தும்மியது நினைவில்லை. ஒவ்வொன்றாக வாசித்தேன். பொதுக்கிணற்றுக் கட்டில் மீன் கழுவலாகாது. பாண் போடும் இடத்தில் இருமல் உள்ளவர் மாவில் கை வைக்கலாகாது. சலூனில் ஒருவருக்குப் போர்த்திய துணியைத் தோய்க்காமல் அடுத்தவருக்குப் போர்த்தலாகாது. சவப்பெட்டிக் கடைக்காரர் பெட்டிகளைத் தெருப் பார்க்க அடுக்கலாகாது. இந்தக் கடைசி விதியை வாசித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். ஆசுபத்திரிக்குப் போகிற வழியில் ஒரு நோயாளியின் கண்ணில் அது படக்கூடாதென்று யாரோ யோசித்திருக்கிறார்கள் அல்லவா?

இந்த ஊர் காலையில் எழும்புவதிலிருந்து படுப்பது வரை செய்கிற ஒன்றையும் விட்டுவைக்காமல் யாரோ யோசித்திருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்த தெருக்கள், நான் தண்ணீர் அள்ளிய கிணறு, என் தகப்பன் வலை காயப்போட்ட கரை எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து இருந்திருக்கிறது. அதற்குள்ளேயே அரை நூற்றாண்டு நடமாடியும் எனக்கு அது தெரியாது. சட்டம் என்றால் அதட்டுவதற்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தப் பரவசத்தில் நான் இருந்த ஒரு காலையில்தான் அந்த அம்மா வந்தார்.

அவருக்கு ஏறக்குறைய என் வயது இருக்கும். மெலிந்த உடம்பு, கையில் புல்லில் இழைத்த ஒரு பன்பை. மலையகத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்த நாளையக் கலவரத்தில் உயிர் தப்பி வந்து பெரியமடுப் பக்கம் குடியேறிய குடும்பம் என்பது பிறகு தெரிந்தது. முகத்தைப் பார்த்தபோது ஒரு விசித்திரம் கண்ணில் பட்டது. இடப்பக்கக் கன்னம் வலப்பக்கத்தைவிட நன்றாகக் கறுத்திருந்தது. அவரை முன்மேசையிலிருந்து இரண்டாம் மேசைக்கும், அங்கிருந்து வருமானப் பகுதிக்கும் அனுப்பி, கடைசியில் யாரோ பகிடியாக, "சட்டம் அந்த அறைக்குள்ள இருக்கு, போய்க் கேளுங்கோ" என்று என்னிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அவர் கையில் எங்கள் சபையின் கடிதம் இருந்தது. சந்தை வாசலில் அனுமதியின்றி இருந்து வியாபாரம் செய்வது சபையின் உபவிதிகளுக்கு முரணானது, பதினான்கு நாட்களுக்குள் அகலவேண்டும், தவறினால் பொருட்கள் அகற்றப்படும். உள்ளே கடை வைத்திருப்பவர்கள் முறைப்பாடு கொடுத்திருந்தார்கள். அவரோ தன் வளவில் விளைந்த பயற்றங்காய், வல்லாரை, முருங்கையிலை, போகத்துக்குக் கச்சான் கடலை என்று ஒரு கூடையும் ஒரு சாக்குமாக முதல் பஸ்ஸில் வந்து, வாசலில் சாக்கை விரித்து இருந்து, ஒரு மணி பஸ்ஸில் திரும்புகிறவர். அந்த வாசலை விட்டால் அவருக்கு விற்க வேறு இடம் கிடையாது.

"மிஸ், நான் சண்டைக்கு வரல" என்றார். "எந்திரிச்சுப் போன்னா போறேன். ஆனா எது என்னைய எந்திரிக்கச் சொல்லுதுன்னு என் கண்ணால பாத்துட்டுத்தான் போவேன். எனக்குப் படிக்கத் தெரியும்."

இத்தனை வருடச் சேவையில் எத்தனையோ பேர் கடிதத்தோடு வந்திருக்கிறார்கள். தவணை கேட்பார்கள், கெஞ்சுவார்கள், தெரிந்த பெரிய மனிதரின் பெயரைச் சொல்லுவார்கள். சட்டத்தைக் காட்டு என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் அவரை ஏற இறங்கப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு பெருமைகூட வந்தது. புத்தகம் ஆருக்கு என்று கேட்டேனே, இதோ அந்த ஆள் வந்துவிட்டார்.

"இருங்கோ அம்மா, எடுத்துத் தாறன்" என்று கதிரையைத் தள்ளிக் கொடுத்தேன்.

சந்தைக் கோவையைத் திறந்தேன். உள்ளே அச்சடித்த வர்த்தமானி இல்லை. கொப்பியிலிருந்து கிழித்த கோடுபோட்ட தாள் ஒன்று இருந்தது. நீல மையில், அழகான, அவசரமான கையெழுத்து. சபையின் அனுமதிப்பத்திரம் இன்றி ஆளெவரும் சந்தை வளவினுள் அல்லது அதன் வாசலில் எப்பொருளையும் விற்றலாகாது. அதோடு முடிந்தது. அடியில் "சரி பார்க்கப்பட்டது" என்று எழுதி ஒரு ஒப்பம்.

கையெழுத்தும் ஒப்பமும் என்னுடையவை.

அவர் தாளை வாங்கி உதடு அசைய வாசித்தார். திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா மிஸ்?"

"ஓம்" என்றேன்.

வாய் சொன்னது பொய். ஏனென்றால், இம்புட்டுத்தான் அல்ல என்பது உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அவர் தாளை மெதுவாக என் மேசையில் வைத்து, கடிதத்தை நாலாக மடித்துப் பன்பைக்குள் போட்டுக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. இடம்பெயர்ந்திருந்த கந்தோர் ஊருக்குத் திரும்பியிருந்தது, கோவைகள் திரும்பவில்லை. சந்தை விதி ஒரு பிரதியும் கைவசம் இல்லை. ஆனால் சந்தைச் சுவரில் விதியை முழுவதுமாக எழுதி வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்து எழுதிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினார்கள். இப்படி ஒரு வேலை எங்கள் ஊரில்தான் நடக்கும். சட்டத்தைப் பார்த்துச் சுவரில் எழுதுவார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நாங்கள் சுவரைப் பார்த்துச் சட்டம் எழுதினோம்.

பின்னேரம் இரண்டு மணி. சுவர் மேற்குப் பார்த்தது. சோளகக் காற்று மணலை அள்ளிக் கன்னத்தில் அடித்தது. குடை கொண்டுபோகவில்லை. ஒரு கையால் கண்ணை மறைத்து மறுகையால் எழுதினேன். சுவரின் அடிப்பாகத்தில், எழுத்துகளை மூடி, ஓர் இரும்பு மின்சார மீற்றர்ப் பெட்டியைப் பூட்டியிருந்தார்கள். பெட்டியின் இரண்டு பக்கமும் எழுத்துகளின் ஓரங்கள் தெரிந்தன. குனிந்து பின்னால் பார்க்க முயன்றேன். இரும்பு கையைச் சுட்டது. சந்தை விறாந்தையின் நிழலில் இருந்த காவலாளி, "தங்கச்சி, உந்த வெயிலுக்க நிண்டு என்ன செய்யிறியள்? வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம்" என்றார். கொப்பியை மூடிவிட்டு நிழலுக்கு ஓடினேன். கந்தோருக்கு வந்து சரி பார்க்கப்பட்டது என்று எழுதி ஒப்பம் வைத்தேன்.

அந்தத் தாள்தான் அன்றிலிருந்து எங்கள் சந்தையின் சட்டம். பிறகொரு காலம் சுவருக்கு வெள்ளையடித்து, படகுகளுக்குப் பெயர் எழுதுகிறவரைக் கூட்டிவந்து திரும்ப எழுதுவித்தபோது, அவருக்குப் பார்த்து எழுதக் கொடுத்ததும் என் தாளைத்தான். பெட்டிக்கு இரு பக்கமும் தெரிந்த ஓரங்கள் வெள்ளைக்குள் மறைந்துபோயின.

இரண்டு நாள் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும்? இலக்கம் கிடைக்கவில்லை என்று ஒரு குறிப்பு எழுதலாம். பெட்டிக்குப் பின்னால் இருந்தது வெறும் தண்டத் தொகையாகவும் இருக்கலாம், அதற்காக நான் ஏன் என் தலையில் மண்ணை அள்ளிப் போடவேண்டும்? சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழந்தாளில் இருந்தபோதும் இதைச் சொல்ல நா எழவில்லை. பத்துக் கட்டளைகளில் இது எதற்குள் வரும் என்று சுவாமி கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அன்றிரவு கண்ணை மூடினால் அந்த அம்மா தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்ததுதான் வந்தது. நம்பி வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாரே, நான் காட்டியது முழுச் சட்டம் என்று.

திங்கட்கிழமை செயலாளரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"நீங்கள் இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் அக்கா."

"விட்டிருக்கலாம்தான் சேர்."

"சுவரில கிடக்கிறதை வச்சு நான் ஒண்டும் செய்யேலாது" என்றார். "வர்த்தமானி வேணும். அது கையில வந்தால்தான் கடிதத்தை மீளப் பெறலாம். இல்லாட்டி பதினாலாம் நாள் அவ எழும்பத்தான் வேணும். எட்டு நாள் முடிஞ்சுது. இலக்கம் இல்லாமல் எங்க போய்த் தேடுறது?"

"அந்த நாளில சுவரில விதி எழுதினால் அடியில வர்த்தமானி இலக்கமும் சேர்த்துத்தான் எழுதிறவை சேர். அதுவும் பெட்டிக்குப் பின்னாலதான் இருக்கும்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப ஏன் இன்னும் இதில நிக்கிறியள்?" என்றார்.

சந்தையில் அதே காவலாளி அண்ணைதான் இருந்தார், பல்லுகள் மட்டும் இல்லை. மீற்றரை எப்போதோ கழற்றி வேறு சுவருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெறும் பெட்டியைக் கழற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குள் அண்ணை தன் சாரத்தையும் வெற்றிலைப் பையையும் ஒரு சீப்பையும் வைத்திருந்தார். "உதைக் கழட்டினால் நான் சீப்பை எங்க வைக்கிறது?" என்றார். அவர் தலையில் சீவுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதை நான் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே அலவாங்கை எடுத்து வந்து நெம்பினார்.

கறள் பிடித்த ஆணிகள் ஒன்றொன்றாக முறிந்தன. பெட்டி கீழே விழுந்தது.

பெட்டி இருந்த இடத்தில், வெயிலும் மழையும் உப்புக் காற்றும் ஒருநாளும் தொடாத ஒரு சதுரம். அதில் நீல எழுத்துகள், நேற்று எழுதியது போல. ஒரு மூலையில் குளவி மண் கூடு கட்டியிருந்தது. அங்குமிங்கும் ஆணித் துளைகள். வரிகளின் நடுப்பாகம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது. ஒரு வரியில், கூடையிலோ சாக்கிலோ கொண்டுவந்து. அடுத்த வரியில், ஏற்புடையதாகாது. அதற்கடுத்த வரியில், நிழலான இடமொன்றை. எல்லாவற்றுக்கும் கீழே, சிறிய எழுத்தில், முழுசாக, வர்த்தமானி இலக்கம்.

கையால் அந்த நீலத்தைத் தொட்டுப் பார்த்தேன். எந்தப் பெட்டி அதை மறைத்ததோ அதுவே அதை இத்தனை காலமும் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறது. திருவிழாவில் மாதா சுரூபத்தின் திரையை விலக்கும்போது சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்குமே, நான் அப்படித்தான் நின்றேன். காவலாளி அண்ணை சீப்பை மறந்து வாய் பிளந்து பார்த்தார்.

வாசலில், முப்பது அடி தள்ளி, அந்த அம்மா சாக்கில் இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் அவரின் இடக் கன்னத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எழும்பி வரவுமில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. வாயுள்ள நானும் ஒன்றும் சொல்லவில்லை. முழுவதும் கையில் கிடைக்காமல் என்ன சொல்ல?

அடுத்த நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போனேன். பழைய வர்த்தமானிகளைக் கட்டி வைத்திருக்கிற கட்டடத்தில் என்னைக் கதிரையில் இருத்தி ஒரு படிவம் தந்தார்கள். எனக்குத் தெரிந்த சிங்களம் சோதனைச் சாவடிகளில் பழகியது. பெயர் என்ன, எங்கே போகிறாய், பைக்குள் என்ன. அதை வைத்து ஒரு வர்த்தமானி கேட்க முடியாது. ஆகவே இலக்கம் எழுதிய தாளை அங்கிருந்த அலுவலர் பெண்ணிடம் நீட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "மன்னாரம?" என்றார். தலையாட்டினேன். அவர் உள்ளே போய் நெடுநேரம் கழித்து, பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஒரு பெரிய வர்த்தமானிக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பக்கம் பக்கமாகத் திருப்பினோம். ஏதோ ஒரு மலை ஊரின் தள்ளுவண்டி விதி. தெற்கில் ஓர் ஊரின் சவக்காலை விதி. இன்னோர் ஊரின் ஆட்டிறைச்சிக் கடை விதி. ஒவ்வோர் ஊரும் தான் எப்படிச் சேர்ந்து வாழப்போகிறது என்று தனக்குத்தானே எழுதிக்கொண்டதெல்லாம் ஒரே கட்டுக்குள், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடந்தது. ஒன்றையொன்று தெரியாத ஊர்கள். நடுவில் எத்தனை வருடச் சண்டை. இந்தத் தாள்கள் மட்டும் அடுத்தடுத்த பக்கத்தில் ஒரே நூலால் தைக்கப்பட்டு அமைதியாக இருந்திருக்கின்றன. நான் அங்கே, அந்த விசிறிக் காற்றில், வெறும் பிரமிப்பில் இருந்தேன்.

அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. தமிழ் வாசிக்கத் தெரியாது, இலக்கத்தை வைத்துப் பிடித்துவிட்டார். எங்கள் சபையின் பெயர், எட்டே எட்டு வரிகள். சுவரில் வெளியே தெரிந்த விதிக்குக் கீழே இப்படி இருந்தது:

"தமது வீட்டு வளவில் அல்லது தோட்டத்தில் விளைந்தவற்றைக் கூடையிலோ சாக்கிலோ கொண்டுவந்து நிலத்திலிருந்து விற்கும் ஆளெவருக்கும் மேற்சொன்ன விதி ஏற்புடையதாகாது. அத்தகைய ஆட்களுக்குச் சந்தையினுள் நிழலான இடமொன்றைச் சபை ஒதுக்கிக் கொடுத்தல் வேண்டும்."

கண்ணீர் வந்துவிட்டது. அந்தப் பெண் பதறிப்போய் சிங்களத்தில் ஏதோ கேட்டார். யாராவது செத்துப்போனார்களா என்று கேட்கிறார் என்பது அவர் கையைக் காட்டிய விதத்தில் விளங்கியது. "நே, நே", இல்லை என்று தலையாட்டினேன். அவர் ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

விற்கலாம் என்றதோடு விட்டிருக்கலாம், அதுவே பெரிய தயவு. அதற்குமேல் நிழல். அந்த நாள் சபையில் இருந்தது யார், படகுச் சம்மாட்டியா, வாத்தியாரா, கடைக்காரரா, வர்த்தமானியில் அதெல்லாம் இல்லை. சபை தீர்மானித்தது என்று மட்டும் இருந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்கள், தாங்கள் பார்க்கவே போகாத ஒரு பெண்ணின் கன்னத்தில் வெயில் விழக்கூடாது என்று சட்டம் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கைகூப்பத் தோன்றியது. கூப்பவும் செய்தேன், யார் பார்த்தால் என்ன.

உறுதிப்படுத்திய பிரதியோடு திரும்பி வந்தபோது பன்னிரண்டாம் நாள். செயலாளர் நின்றபடியே வாசித்தார், முடித்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார். அன்றைக்கே பழைய கடிதத்தை மீளப் பெறும் கடிதம் போயிற்று. கடைக்காரர்கள் இரண்டுபேர் கந்தோருக்கு வந்து கத்தினார்கள். நான் அவர்களுக்கு வர்த்தமானியைக் காட்டினேன். காட்டுவதற்கு ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய சுகம் என்பது அப்போதுதான் விளங்கியது. வாசித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இணையத்தளத்தில் நாங்கள் ஏற்றிய முதல் உபவிதி அதுதான். ஒழுங்குப்படி கழுதை விதி முன்னுக்கு வரவேண்டும், செயலாளர் பார்த்தும் பாராதது போல விட்டுவிட்டார். ஒவ்வொரு விதிக்கும் கீழே குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. அதில், முன்பு கோவையில் இருந்த பிரதி முழுமையற்றது, சுவரிலிருந்து பிரதி செய்தவர் இறுதிப் பகுதியை எடுக்காமல் சரி பார்க்கப்பட்டதாக ஒப்பமிட்டுள்ளார் என்று எழுதி, அடியில் என் பதவியையும் ஒப்பத்தையும் வைத்தேன். செயலாளர் என்னைப் பார்த்தார். "வேணுமோ அக்கா இது?" என்றார். வேணும் என்றேன்.

சந்தைக்குள், மரக்கறிக் கடைகளின் முகப்பில், கூரை நீண்டு இறங்கும் இடத்தில் அவருக்கு இடம் ஒதுக்கினார்கள். அங்கே நாள் முழுக்க நிழல். அவரோடு கூடைக்காரர் இன்னும் மூன்றுபேருக்கும் இடம் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து, விதியை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு நான் போனேன்.

காலை பதினொரு மணி. அவர் சாக்கில் இருந்தார், பக்கத்தில் வல்லாரைக் கட்டுகள், தண்ணீர் தெளித்த ஈரத்தோடு. நான் கூரைக்கு வெளியே நின்றபடி தாளை நீட்டினேன். "நீங்கள் அண்டைக்குக் கேட்டது இதுதான் அம்மா. முழுசும் இருக்கு" என்றேன்.

அவர் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இந்த முறை வாய்விட்டு வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக. பக்கத்துக் கூடைக்காரிகள் தராசை வைத்துவிட்டுக் கேட்டார்கள். நிழலான இடமொன்றைச் சபை ஒதுக்கிக் கொடுத்தல் வேண்டும் என்ற இடத்தில் நின்று, அதை மட்டும் திரும்ப வாசித்தார்.

"இத எழுதுனவுங்க வெயில்ல குந்தியிருந்தவுங்களாத்தான் இருக்கணும் மிஸ்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"அப்ப ஏன் இத்தன வருஷமா யாரும் சொல்லல?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் போனேன். "சுவரில இருந்து பார்த்து எழுதினது நான்தான் அம்மா" என்றேன். "இந்தப் பகுதி பெட்டிக்குப் பின்னால இருந்தது. வெயில் தாங்கேலாமல் பாதியில விட்டிட்டு நிழலுக்கு ஓடினனான். பிழை என்னிலதான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கன்னம் கறுத்த அந்த முகத்தை நானும் பார்த்தேன், பார்க்காமல் இருக்க எனக்கு உரிமையில்லை என்று பட்டது.

"எம்புட்டு நேரம் நின்னீங்க மிஸ், வெயில்ல?"

"கால் மணித்தியாலம் இருக்கும்."

"கால் மணித்தியாலம்" என்று அவரும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. நானும் அவரும் கேட்கும்படி மட்டும் சொன்னார்.

பிறகு தாளை மடித்து, பன்பைக்குள், எங்கள் பழைய கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வல்லாரைக் கட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கினார். சாக்கின் ஓரத்தைக் கையால் தட்டினார்.

"உள்ள வாங்க மிஸ்" என்றார். "அங்கன வெயிலு."